மழை மெயில்களை நான் ஒதுக்கிவைத்தது

அடுத்த திங்கள்கிழமை நான் மலை இறங்குகிறேன். இந்த மேசை இனி உங்கள் இருவருக்கும். சாவிகள், கடவுச்சொற்கள், பிரிண்டர் முரண்டு பிடித்தால் தட்டவேண்டிய இடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளுக்குள் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது; அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறே வருடம் வேலை பார்த்துவிட்டு, இருபத்தெட்டு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்திருக்கிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள். என்னைவிட உங்களுக்குக் கணினி நன்றாகத் தெரியும். அதனால் நான் செய்த தவற்றை என்னைவிட வேகமாகச் செய்வீர்கள்.

இந்த எஸ்டேட்டின் மெயில் பெட்டியில் ஒன்பது வருடக் கடிதங்கள் கிடக்கின்றன. பழைய முதலாளி காலமாகி, அவருடைய பிள்ளைகள் தோட்டத்தை இப்போதைய முதலாளிகளுக்கு விற்றபோது, காப்பிச் செடிகள், மிளகுக் கொடிகள், டிராக்டர் ஆகியவற்றோடு இந்தப் பெட்டியும் கைமாறியது. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: பழைய நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டதைப் புதிய நிர்வாகம் மதிக்கும். எழுத்து என்றால் முக்கால்வாசி மெயில்தான். ஆகவே யார் எதைக் கேட்டாலும் மேனேஜர் இந்த மேசையைப் பார்த்து, "மெயில்ல இருக்கா, பாருங்க" என்பார். நீங்கள் சொல்லும் பதிலில் சில நேரம் ஒருவருடைய கூரை தொங்கிக்கொண்டிருக்கும்.

தேடுவது எனக்குப் பிடித்த வேலை. சேலத்தில் படிக்கும்போதே தேடும் பெட்டியில் முன்சொல் போட்டுத் தேடும் பழக்கம் வந்துவிட்டது. from: என்று அடித்து ஒரு பெயரைப் போட்டால் அவர் அனுப்பியது மட்டும் வரும். subject: போட்டால் தலைப்பில் மட்டும் தேடும். has:attachment போட்டால் கோப்பு இணைத்த கடிதங்கள் மட்டும் மேலே வரும். after:, before: இரண்டும் தேதிக்கு வேலி கட்டும். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும், அந்த வகைக் கடிதம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இங்கே வந்த புதிதில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது என் தலைக்கு ஏறியிருந்தது.

ஏறியதற்குக் காரணமும் உண்டு. ஒருமுறை இயற்கை விவசாயச் சான்றிதழுக்காக இரண்டு பேர் வந்தார்கள். பல வருடங்களுக்கு முந்தைய மண் பரிசோதனை அறிக்கை வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போகிறோம் என்றார்கள். பீரோவில் அந்தக் கோப்பைக் கரையான் தின்றிருந்தது. ஆய்வுக்கூடத்தின் பெயரை from:-இல் போட்டு, கூடவே has:attachment போட்டேன். அவர்களுக்குக் காப்பி வந்து சேருவதற்குள் அறிக்கை பிரிண்டரில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து நான் "இருக்கு" என்றால் இருக்கு, "இல்லை" என்றால் இல்லை. அந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி மழை மெயில்.

நம் ஊரில் எந்தக் காப்பித் தோட்டத்திலும் காலையில் முதல் வேலை மழைமானியைப் பார்ப்பதுதான். இங்கே அதைப் பார்த்துவந்தவர் ரைட்டர். ரைட்டர் என்றால் காட்டு வேலைக் கணக்கு எழுதுபவர். ஆள் பிரிப்பது, வருகை போடுவது, தோட்டத்தில் நடப்பதை மேலே சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் ரைட்டர்தான். காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றபடி போனில், ஆபீஸ் மெயிலிலிருந்து சென்னையில் இருந்த பழைய முதலாளிக்கு எழுதுவார். புதிதாகத் தலைப்பு போடும் வழக்கமே கிடையாது. என்றைக்கோ போட்ட "மழை அளவு" என்ற மெயிலுக்கே தினமும் பதில் போட்டுக்கொண்டிருப்பார். மழை இல்லாத நாளிலும் "மழை இல்லை" என்று ஒரு மெயில் போகும்.

எதைத் தேடினாலும் முதல் பக்கம் முழுக்க மழைதான் வந்து நிற்கும். எனக்கு எரிச்சல். சேர்ந்த முதல் மாதமே ஒரு விதி எழுதினேன்: "மழை அளவு" என்று தலைப்பிருந்தால் கண்ணில் படாமல் நேரே ஆர்க்கைவ் என்ற பழைய கடிதக் கிடங்குக்குப் போய்விட வேண்டும். அதோடு எந்தத் தேடலின் கடைசியிலும் -subject:மழை என்று அடித்து முடிப்பது விரலுக்குப் பழகிப்போயிற்று. வாக்கியம் முடிந்தால் புள்ளி வைப்பதுபோல.

இதைப் பெருமையாக ரைட்டரிடமே சொன்னேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அழிச்சுப்புடலையே கண்ணு?"

"இல்லைங்கய்யா. ஒதுக்கித்தான் வெச்சிருக்கேன்."

"அப்பச் செரி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாலு வருடம் அவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவர் எழுதிய ஒரு மெயிலைக்கூட நான் படித்ததில்லை என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் "ரைட்டர் காதுல போடு" என்பார்கள். போட்டால் நடக்கும். அது அவருடைய செல்வாக்கு என்று நினைத்திருந்தேன்.

அவர் சிறுநீரகம் கெட்டு ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் பழைய முதலாளியும் போனார். தோட்டம் கைமாறியது. சேலத்திலிருந்து புது மேனேஜர் வந்தார்.

ரைட்டரின் மனைவி மேரியக்காவை உங்களுக்குத் தெரியும். கீழ்க்காட்டில் பழம் பறிக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நடப்பவர். அவரும் மகள் ஜெனிட்டாவும் ரைட்டருக்குக் கொடுத்த தோட்டத்து வீட்டிலேயே இருந்தார்கள். இந்த வருடம் ஜெனிட்டா பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேனேஜருக்கு அந்த வீடு தேவைப்பட்டது. புது ரைட்டர் குடும்பத்தோடு வருகிறார், அவருக்கும் தலைக்கு மேலே கூரை வேண்டும். மேனேஜர் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. மேரியக்கா சொன்னது ஒன்றே ஒன்று: பொண்ணு பன்னெண்டாவது முடிக்கும் வரை இருந்துகொள்ளலாம் என்று அவர் கணவர் பழைய முதலாளியிடம் எழுத்தில் கேட்டார், முதலாளியும் சரி என்று எழுதினார்.

திங்கள்கிழமை மேனேஜர் என்னிடம் கேட்டார். முதலாளியின் பெயரை from:-இல் போட்டு வீடு என்று தேடினேன். குவார்ட்டர்ஸ் என்று தேடினேன். வீட்டு எண்ணைப் போட்டேன். மேரியக்கா பெயரைப் போட்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் என் விரல் அதன் பழக்கப்படி மழையைக் கழித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இல்லைங்க சார்" என்றேன்.

கவனியுங்கள், "நான் தேடினதுல கிடைக்கலைங்க" என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் இருந்தது.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு, ஸ்டோர் முன்னால் எல்லோரையும் நிறுத்தி யாருக்கு எந்தக் காடு என்று பிரிக்கும் நேரத்தில், மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மேரியம்மா சொல்வதுபோல் கடிதம் எதுவும் இல்லை, ஆபீஸிலேயே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. சாமான்களைச் சேலத்தில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குக் கொண்டுபோக டிராக்டரும் தருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  மேரியக்கா கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ யாரிடமோ ஏதோ சொல்ல, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சேலத்துக்குப் போனால் ஜெனிட்டா பரீட்சை எழுத தினமும் மலை ஏறி வரவேண்டும். மூடுபனி நாளில் காலை பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் ஆபீஸில் இல்லை என்று சொல்லிவிட்டார்களே.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேரியக்கா இந்த அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏங்கண்ணு, நீ நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனுங்கக்கா. முதலாளி பேரப் போட்டு, உங்க ஊட்டு நம்பரப் போட்டு, எல்லாத்துலயும் பாத்துட்டேன்."

"மழையில பாத்தியா?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மழை மெயிலில் மழை அளவுதானே இருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னக் குழந்தை செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"மொதலாளி வேற எதையும் தொறக்கவே மாட்டாரு சாமி. தெனம் காலையில மழைய மட்டுந்தான் படிப்பாரு. அதனால ஆரு எதக் கேட்டாலும் இவரு மழைக்குக் கீழதான் எழுதுவாரு. இந்தத் தோட்டத்துல அது ஆருக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது. ரைட்டர் காதில் போட்டால் ஏன் நடந்தது என்று இத்தனை வருடம் கழித்து அந்த நிமிடம்தான் புரிந்தது. ஒதுக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று நான் அவரிடம் சொன்னது மழை அளவை இல்லை. இந்தத் தோட்டத்து ஜனங்கள் கேட்டது எல்லாவற்றையும்.

உடனே கழித்தலை எடுத்துவிட்டுத் தேடினேன். வீடு என்ற சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. இந்த வீட்டில் ஓடு உடைந்தது, அந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, இன்னொரு வீட்டு மேலே மரக்கிளை. முதலாளியின் பதில்களைப் பார்த்தால் எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல். எதிலும் வீடு என்ற பேச்சே இல்லை. தேதி தெரிந்தால் வேலி கட்டலாம். தேதி கேட்டேன், மேரியக்காவுக்குத் தெரியவில்லை. அதற்குள் காற்று கிளம்பி இணைப்பு போய்விட்டது. இங்கே காற்று அடித்தால் எது போகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலையும் இணைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் புது முதலாளிகளோடு மேனேஜர் பேசும் நேரம் பகல் பன்னிரண்டு; அதற்குள் கிடைத்தாக வேண்டும். சனிக்கிழமை டிராக்டர். மேரியக்காவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போனேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். சுற்றிலும் சுற்றுலா வந்தவர்கள். இரண்டு முறை என்னிடம் போனைக் கொடுத்து, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். இரண்டாவது முறை மேரியக்காவே போனை வாங்கி எடுத்துக் கொடுத்தார். தலை மூன்று பேருக்கு வெட்டுப்பட்டிருக்கும்.

"அக்கா, தேதி வேண்டாம். அன்னிக்கி வேற என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

யோசித்தார். ஜெனிட்டா பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம் என்றார். அப்படியானால் இரண்டு வருடம் முன்பு, மார்ச், ஏப்ரல். after:, before: இரண்டையும் போட்டேன். அறுபது மெயில் சொச்சம். ஒவ்வொன்றையும் திறந்து படிக்க நேரம் இல்லை, மலைமேல் காற்றில் சிக்னலும் வந்து வந்து போகிறது.

"அவரு அன்னிக்கி நொம்ப சந்தோசமா வந்தாரு" என்றார் மேரியக்கா திடீரென்று. "பூ மழை பேஞ்ச மறுநாளு கண்ணு. அன்னிக்கித்தான கேப்பாங்க. இந்த மலையில எந்தத் தோட்டத்துல எதுனா கேக்கோணும்னாலும் அன்னிக்கித்தான் கேப்பாங்க. அன்னிக்கி மொதலாளி வாயில இல்லைங்கற பேச்சே வராது."

பூ மழை என்பது கோடையின் தொடக்கத்தில் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் முதல் மழை. அது வராவிட்டால் அந்த வருடக் காப்பி பாதி போச்சு. அறுபது மெயில்களின் முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும் என்று புரிந்தது. மழை இல்லை. மழை இல்லை. மழை இல்லை, வெயில் கடுமை. மழை இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒரு நாள்: ஒன்றேகால் இன்ச்.

அந்த மெயிலை உங்களுக்கு அப்படியே தருகிறேன். மழை மெயில்களைத் தாண்டிப் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியட்டும்.

"ஐயா, நேற்று மாலை நாலரைக்குப் பிடித்து எட்டு வரை மழை. ஒன்றேகால் இன்ச். கீழ்க்காடு, மேல்காடு இரண்டும் நன்றாக நனைந்தது. பத்து நாளில் பூ எதிர்பார்க்கலாம். ஐயாவுக்கு விண்ணப்பங்கள். ஒன்று, கொட்டச்சேடு ஊர்க்கார டிரைவர் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு. இரண்டு, மிளகு பறிக்க மூங்கில் ஏணி நாலு. மூன்று, மாதா கோயில் தேருக்கு நம் டிராக்டர். நான்கு, வாட்ச்மேன் கொட்டகைக்கு டிவி. ஐந்து, மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு நாள் விடுமுறை. ஆறு, குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடு மாற்றுவது. ஏழு, என் உடம்பு சரியில்லை என்று ஐயாவுக்குத் தெரியும். எனக்குப் பிறகு என் வீட்டாரும் மகளும், மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை இப்போது இருக்கும் வீட்டில் இருக்க அனுமதி வேண்டும்."

தனக்கு வேண்டியதைக் கடைசியில் போட்டிருந்தார். வாட்ச்மேனுடைய டிவிக்கும் பின்னால்.

மறுநாள் முதலாளியின் பதில்: "மழைக்கு மிக்க சந்தோஷம். நான்கைத் தவிர மற்றது எல்லாம் சரி."

மேரியக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாவதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உடம்பு செரியில்லைன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி அவருகிட்டச் சொல்லியிருக்காரு பாரு" என்றார். 

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. முதலாளியின் பதிலில் வீடு என்ற சொல்லே இல்லை. "மற்றது எல்லாம் சரி" என்பது ஏழாவதையும் சேர்த்துத்தானா, அவர் அவ்வளவு தூரம் படித்தாரா என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வேன்? ஒருமுறை அவசரப்பட்டு இல்லை என்றவள், இன்னொருமுறை அவசரப்பட்டு இருக்கு என்று சொல்லிவிடக் கூடாது. ஆபீஸில் வண்டியை நிறுத்தியதும் மற்ற ஆறையும் சரிபார்த்தேன். டிரைவர் அந்த மாதம் ஒரு வாரம் லீவு எடுத்ததை வருகைப் பதிவேடு சொன்னது. இணைப்பு வந்திருந்ததால், மழை மெயில்களுக்குள்ளேயே has:attachment போட்டுத் தேடினேன். ஏணி நாலும் சுவரில் சாய்த்து வைத்த போட்டோ இருந்தது. நம் டிராக்டர் தலையில் பூமாலையோடு மாதா தேரை இழுக்கும் போட்டோ. காப்பகத்தின் புது ஓடு. மாரியம்மன் பண்டிகை நாளில் பதிவேடு காலி. மிச்சம் இருந்தது நான்காவது மட்டும்.

பன்னிரண்டுக்குக் கால்மணி முன்னால் எல்லாவற்றையும் அடுக்கி மேனேஜர் முன்னால் வைத்தேன். முதல் வார்த்தையாக, திங்கள்கிழமை நான் இல்லை என்று சொன்னது தவறு, மழை மெயில்களை விட்டுவிட்டுத்தான் தேடினேன் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெயிலைப் படித்தார். பதிலைப் படித்தார். நான் பயந்த கேள்வியையே கேட்டார்.

"எல்லாம் சரின்னு ஒரு வார்த்தைங்க. ஏழாவதையும் படிச்சுட்டுத்தான் எழுதினாருன்னு என்ன நிச்சயம்?"

நான் லீவுப் பதிவையும் போட்டோக்களையும் காட்டினேன். தவிர என்று அவர் எழுதிய ஒன்று மட்டும் நடக்கவில்லை, மற்றது எல்லாம் நடந்திருக்கிறது என்றேன். "நாலாவது நடக்கலைன்னு எப்படித் தெரியும்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டிவி கேட்டது நானுங்க சார். இன்னிக்கி வரைக்கும் வரலீங்க. நாலாம் நம்பரு நானுதானா? இத்தன நாளா ரைட்டர் எழுதவே இல்லைன்னு அவருமேல கோவமா இருந்துட்டனுங்களே."

மேனேஜர் சிரித்துவிட்டார். அவர் இங்கே சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பன்னிரண்டு மணிக்குப் புது முதலாளிகளோடு பேசினார். அவர்கள் அதிகம் கேட்கவில்லை. எழுத்தில் இருக்கிறதா, இருக்கிறது, அப்படியானால் சரி. புது ரைட்டருக்குப் பரீட்சை முடியும் வரை டவுனில் வாடகை வீடு என்று முடிவாயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொன்னது ரத்து என்று ஒரு கடிதம் அடித்து, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் நானே எடுத்துக்கொண்டு மேரியக்கா வீட்டுக்குப் போனேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாராட்டுகூட எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டிக் கிடந்தது. ஜெனிட்டா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். மேரியக்கா கடிதத்தை வாங்கவில்லை.

"அத ஆபீசுல போட்டு வை கண்ணு. பத்திரமா இருக்கும். எனக்குக் காயிதம் வேண்டாம்."

வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"நாலு நாளா நான் பொய் சொன்னவளா காட்டுக்குப் போய்ட்டு வாரேன். ஊடு வேணுங்கறதுக்காகச் செத்தவரு பேர இழுத்தேன்னு பேசறாங்க. நீ ஒருக்கா வந்து சொல்லு. எங்க வெச்சு இல்லைன்னு சொன்னாங்களோ, அங்க வந்து சொல்லு."

சொன்னது மேனேஜர், நான் இல்லை என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஸ்டோர் முன்னால் போய் நின்றேன். பேசவேண்டும் என்று மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன்; எனக்குப் பிறகு அவரும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். பனி இன்னும் விலகவில்லை. முப்பத்தைந்து பேர், கூடை, மடித்த சாக்கு, தலையில் துண்டு. கல்லூரியில் மேடை ஏறிப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அன்று முதல் வார்த்தையை இரண்டு முறை தொடங்கினேன். ரைட்டர் எழுதிய கடிதம் இருக்கிறது, முதலாளி சரி என்று எழுதிய பதிலும் இருக்கிறது, மேரியக்கா சொன்னது எல்லாம் உண்மை என்றேன்.

முன்வரிசையில் நின்ற பெருசு ஒருவர் விடவில்லை. "ஏனுங்க, அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லிருச்சுங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குத் தப்பிக்க அழகான வழி கிடைத்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பார்கள்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலீங்க. இல்லைன்னு சொன்னது நானுங்க. செரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேரியக்கா வரிசையின் நடுவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இன்னொருக்கா சொல்லு கண்ணு. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.